ஒரு வீட்டில் மூன்று இருமல்: கனடாவிலிருந்து வந்த தைம் இலை

கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற ஒரு வீட்டில் மாசி மாதத்தில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் இருந்தது. ஒருவர் 58 வயதுப் பெண். அடுத்தவர் அவருடைய மருமகள், முப்பதைத் தாண்டியவர். மூன்றாவது ஆள் நான்கு வயதுப் பேரன். அதே கிழமை கனடாவில் இருக்கும் மகளிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. அதற்குள் காய்ந்த தைம் இலை ஒரு பொதியும், விரல் நீளத்தில் தைம் எண்ணெய்ப் போத்தல் ஒன்றும் இருந்தன. இருமலுக்கு நல்லது, எல்லாரும் பாவியுங்கோ என்று மகள் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார்.

எல்லாரும் பாவித்தார்கள். ஒருவருக்கு உதவியது, ஒருவருக்கு ஒன்றுமே செய்யவில்லை, ஒருவரை இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டி வந்தது. சித்த வைத்தியம் செய்கிற எனக்கு, ஒரே மூலிகை ஒரே கூரையின் கீழ் இப்படி மூன்று விதமாக நடந்துகொண்டதைக் கிட்ட நின்று பார்க்கக் கிடைத்தது பெரிய விஷயம். அவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டிருக்கிறேன்.

தைம் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள கல்லும் சுண்ணாம்புமான நிலங்களில் வளரும் சிறு செடி அது. துளசியும் புதினாவும் கற்பூரவள்ளியும் சேர்ந்த குடும்பம். இலை ஓர் அரிசியளவுதான் இருக்கும், கசக்கினால் ஓமம் மணக்கும். தைமோல், கார்வக்ரோல் என்ற இரண்டு பொருட்களே அந்த மணத்துக்குக் காரணம். ஓமத்தில் நிறைய இருப்பதும் அதே தைமோல்தான், கற்பூரவள்ளியில் இருப்பதும் இந்த இரண்டும்தான். ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் நெஞ்சுச்சளி, குத்திருமல், வயிற்றுப் பொருமல், தொண்டை நோ, வாய்ப்புண் எல்லாவற்றுக்கும் தைம் கொடுத்து வந்திருக்கிறார்கள். முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க வைத்தியர் தியோஸ்கோரிடிஸ், தைம் இனச் செடியைத் தேனோடு காய்ச்சிக் குடித்தால் மூச்சுமுட்டுக்கு உதவும், வயிற்றுப் புழுவை வெளியேற்றும் என்று எழுதியிருக்கிறார். நம்முடைய ஓமத்துக்கும் இதே வேலைகளைத்தான் நாம் சொல்கிறோம். கடலும் காலமும் தள்ளி இருந்த இரண்டு ஊர் வைத்தியர்கள், செடி வேறாக இருந்தும் அதே மணத்தைப் பிடித்து அதே நோய்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது எப்போதும் மனம் நிறைகிற ஒரு செய்தி.

மண்சட்டியில் சுண்டியது

மாமியின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தது. (மாமி என்பது மருமகள் அவரைக் கூப்பிடும் முறை, நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.) அப்போது அவர் சிறுபிள்ளை. வளர்ந்தது, கட்டியது, இடம்பெயர்ந்தது, திரும்பி வந்து காடாய்க் கிடந்த வளவைத் துப்புரவாக்கியது எல்லாம் இந்த மண்ணில்தான். ஆடாதோடை, தூதுவளை, வேர்க்கொம்பு, திப்பிலி போட்டுக் குடிநீர் காய்ச்சுவதில் நல்ல கை. தைம் இலையையும் அவர் அதே முறையில்தான் செய்தார். ஒரு பிடி இலை, எட்டுக் கோப்பை தண்ணீர், மூடாத மண்சட்டி, பாலை விறகு, ஒரு கோப்பையாகச் சுண்டும்வரை நெருப்பு.

"காய்ச்சேக்க என்ன வாசம் எண்டு நினைக்கிறீங்கள் டொக்டர்! பக்கத்து வளவுப் பிள்ளை வேலியால எட்டி, என்ன மாமி சமையல் எண்டு கேட்டது" என்றார்.

அந்த வாசம்தான் மருந்து. அது வேலி தாண்டிப் போய்விட்டது. சட்டியில் மிஞ்சியது கசப்பும் துவர்ப்பும்.

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டு வைத்தியத்தில் அதிகமாக வீணாகும் இடம் இதுதான். எட்டில் ஒன்றாகக் குறுக்குவது நம் குடிநீர் முறை. கட்டையான வேருக்கும் பட்டைக்கும் ஆடாதோடை போன்ற இலைக்கும் அது சரி. ஆடாதோடையின் வேலையைச் செய்கிற வாசிசின் என்ற பொருள் ஆவியாகிப் போகாது, கொதிக்கக் கொதிக்க நீரில் இறங்கும். மணமுள்ள இலை, மணமுள்ள விதை என்றால் கதை வேறு. அவற்றின் எண்ணெய் நீராவியோடு சேர்ந்து மேலே போய்விடும். சித்த வைத்தியத்தில் தீநீர் எடுக்கும் முறையே இதை அறிந்து அமைத்ததுதான். ஓமத்தை வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் கலத்தில், வைத்து, மேலே போகிற ஆவியைப் பிடித்துக் குளிரவைத்து, வடிகிற நீரை எடுத்தார்கள். அந்த ஓமத் தீநீரைத்தான் பிறகு போத்தலில் அடைத்துக் கடைகளில் விற்றார்கள். அப்படி வாலை கட்டித் தடுத்துப் பிடிக்க வேண்டிய ஒன்றை வாய் திறந்த சட்டியில் ஒரு மணித்தியாலம் கொதிக்க விட்டால் என்ன மிஞ்சும்?

மாமி அந்தக் கசாயத்தைக் காலையும் மாலையும் ஒரு கிழமைக்குக் கிட்டக் குடித்தார். இருமல் குறையவில்லை. நெஞ்சு எரிந்தது, சாப்பாடு பிடிக்கவில்லை. "கனடாப் பிள்ளை காசு குடுத்து வாங்கி அனுப்பினது, வீணாக்கேலுமே?" என்று தொடர்ந்து குடித்திருக்கிறார். விலை கூடின சாமான் என்றாலே வேலையும் கூடச் செய்யும் என்கிற எண்ணத்தை வன்னியில் வீட்டுக்கு வீடு காண்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் அக்கறை இப்படிப் பார்சலாக வரும்போது அதை ஒதுக்கி வைக்கத் தாய்க்கு மனம் வராது. அதைக் குறையாகச் சொல்ல என்னாலும் முடியாது.

பேரன்

பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு. போன மாரியில் இரண்டு தரம் நெபுலைசர் வைத்திருக்கிறார்கள். பனி கூடின ஓர் இரவில் மூக்கடைத்து, விடாமல் இருமத் தொடங்கினான். கசாயம் குடிக்க மாட்டான் என்று தெரியும், ஆகவே ஆவி பிடிக்க வைத்தார்கள். கொதித்த தண்ணீரில் எட்டுச் சொட்டு தைம் எண்ணெய் விட்டு, தாயின் மடியில் இருத்தி, இருவரையும் போர்வையால் மூடினார்கள்.

கொஞ்ச நேரத்துக்குள் கண் எரிகிறது என்று கத்தினான். போர்வையை எடுத்தபோது இருமல் கூடி, நெஞ்சுக்கூடு உள்ளே இழுபட்டது. விலா எலும்புகளுக்கு இடையே சதை குழிந்து குழிந்து வந்ததைத் தகப்பன் கண்டுவிட்டார். அவர் தாமதிக்கவில்லை. அயலில் ஓட்டோ வைத்திருக்கும் ஆளை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அங்கே மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் மருந்தை நெபுலைசரில் கொடுத்து இரவு முழுவதும் வைத்துப் பார்த்தார்கள். அடுத்த நாள் பின்னேரம் பிள்ளை வீட்டுக்கு வந்தான். தகப்பனின் அந்தக் கண்ணைப் பாராட்டத்தான் வேண்டும். விலா குழிவதைக் கண்டால் எந்த வீட்டு வைத்தியத்துக்கும் இனி இடமில்லை.

இங்கே நடந்தது என்ன? இழுப்பு உள்ள பிள்ளைகளின் மூச்சுக்குழாய் எரிச்சலுக்கு உடனே சுருங்கும். தூள், புகை, குளிர்காற்று எதுவும் அதைத் தூண்டும், கடுமையான மணமும் அப்படித்தான். தைமோல் தோலையும் கண்ணையும் மூக்கின் உட்சவ்வையும் எரிக்கக்கூடிய பொருள். வாய் கழுவும் நீரில் கிருமி கொல்ல அதைச் சேர்ப்பது இந்தக் கடுமைக்காகத்தான், அங்கேயும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சேர்க்கிறார்கள்.

இலைக்கும் எண்ணெய்க்கும் உள்ள தூரத்தை ஒரு கணக்கில் காட்டலாம். மருந்துத் தரமான தைம் இலை ஒரு கிலோவில் குறைந்தது 12 மில்லிலீட்டர் எண்ணெய் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருந்துநூலின் அளவு. அப்படியென்றால் ஒரு கிராம் இலையில் 0.012 மில்லிலீட்டர். ஒரு சொட்டு எண்ணெய் ஏறக்குறைய 0.03 மில்லிலீட்டர் வரும். ஆக ஒரு சொட்டு என்பது இரண்டரைக் கிராம் காய்ந்த இலையில் உள்ள முழு எண்ணெய். எட்டுச் சொட்டு என்றால் 20 கிராம் இலை. பெரிய ஆள் ஒருவர் ஒரு கோப்பைக்குப் போடுவது ஒன்று இரண்டு கிராம், அதிலும் எண்ணெயின் ஒரு பகுதிதான் நீரில் இறங்கும். நான்கு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே, போர்வைக்குள், 20 கிராமின் எண்ணெயும் ஆவியாக எழும்பியிருக்கிறது.

சின்னப் பிள்ளைக்குக் கொதிநீரில் ஆவி பிடிப்பதே எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. எண்ணெய் விடாவிட்டாலும் பாத்திரம் சரிந்தால் தொடையும் வயிறும் வெந்து போகும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

இந்தத் தைமோல் மாமியின் முன்னோருக்குப் பழக்கமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1910-களில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் உலகமெங்கும் கொக்கிப்புழுவுக்குக் கொடுத்த முக்கிய மருந்துகளில் தைமோல் ஒன்று. முதல் உலகப் போருக்கு முன் அந்தத் தைமோலை வடிக்க ஜெர்மனிக்குப் போனது இந்தியாவின் ஓமம். வெறும் வயிற்றில் தைமோல், முன்னும் பின்னும் பேதி உப்பு. அன்று முழுவதும் எண்ணெய், கொழுப்பு, சாராயம் எதுவும் தொடக்கூடாது, தொட்டால் தைமோல் கரைந்து இரத்தத்தில் ஏறி ஆளைச் சாய்த்துவிடும். சமையலறையில் இருக்கும் ஓமத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவைப்பட்டது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓம உப்பும் அதே தைமோல்தான். அதைக் கிள்ளி வாயில் போடுகிறவர்களைக் கண்டால் நான் விடுவதில்லை.

மருமகள்

பேரன் ஆஸ்பத்திரியால் வந்த பிறகுதான் மூவரும் என்னிடம் வந்தார்கள். பார்சலில் வந்தவற்றையும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள்.

மருமகளின் இருமல் சாதாரணமானது. தடிமன் வந்து, காய்ச்சல் இரண்டு நாளில் விட்டு, சளி நெஞ்சில் இறுகி நின்றது. காலையில் இருமி இருமித் துப்பினால் கட்டியாக வெள்ளைச் சளி வரும். மூச்சு முட்டு இல்லை, நெஞ்சைக் கேட்டதில் இழுப்பு இல்லை, சளியில் இரத்தம் இல்லை. வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறதா என்றும் கேட்டேன், இல்லை என்றார். சித்த முறையில் பார்த்தால் ஐயம் (கபம்) கட்டிய இருமல். வெப்பமும் காரமும் உள்ள இலை அதை இளக்கும். தைமுக்கு ஏற்ற ஆள் இவர்தான்.

நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை, அவர்கள் கொண்டுவந்த பொதியிலிருந்தே செய்து காட்டினேன். தேக்கரண்டி ஒன்று காய்ந்த இலை. கொதித்து இறக்கிய தண்ணீர் ஒரு கோப்பை, ஏறக்குறைய 150 மில்லிலீட்டர். ஊற்றின உடனேயே தட்டால் மூடிப் பத்து நிமிடம். பிறகு மூடியைத் திறக்கும்போது அதன் அடியில் முத்து முத்தாய்த் திரண்டிருக்கும் நீரைத் திரும்பக் கோப்பைக்குள்ளேயே தட்டச் சொன்னேன், அந்தத் துளிகளில்தான் மணம் ஏறியிருக்கும். மருமகள் மூடியை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். வடித்து, இளஞ்சூட்டில், விரும்பினால் ஒரு கரண்டி தேன். முல்லைத்தீவுக் காட்டுத் தேன் வீட்டில் இருந்தது. நாளுக்கு மூன்று கோப்பை.

இந்த அளவு என் கண்டுபிடிப்பு இல்லை. ஐரோப்பிய மருந்து முகவரகம், தடிமனோடு வரும் சளி இருமலுக்கு மரபு மருந்தாகத் தைமை ஏற்றுச் சொல்கிற அளவுதான், ஒன்று இரண்டு கிராம், நாளுக்கு மூன்று நான்கு தரம், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஒரு கிழமைக்குள் குறையாவிட்டால் டொக்டரிடம் போக வேண்டும் என்பதும் அதே அறிவுறுத்தலில் உள்ளது.

இரண்டாம் நாள் சளி இளகியது. ஐந்தாம் நாள் காலை இருமல் மட்டும் மிச்சம். அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

இதைத் தைமின் வெற்றி என்று நான் எழுத மாட்டேன். தடிமன் இருமல் தானாகவே குறைந்து போகிற ஒன்று. மருமகளுக்குத் தைம் இல்லாமலும் குறைந்திருக்கலாம், கொஞ்சம் பிந்தியிருக்கலாம். ஒப்பிட்டுப் பார்த்த நல்ல ஆய்வு ஒன்று உண்டு. 2006-இல் ஜெர்மனியில் வெளியானது. மூச்சுக்குழாய் அழற்சி வந்த 361 பேரில் ஒரு பாதிக்குத் தைமும் ஐவி என்ற கொடியின் இலையும் சேர்ந்த பாணி, மறுபாதிக்கு மருந்தில்லாத பாணி. ஒன்பதாம் நாள் அளவில் இருமல் முதல் கூட்டத்தில் 68.7 வீதம் குறைந்தது, மற்றக் கூட்டத்தில் 47.6 வீதம். இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். மருந்து எடுக்காதவர்களுக்கும் பாதிக்குக் கிட்டக் குறைந்திருக்கிறது. மருந்து அதற்கு மேல் ஒரு கை கொடுத்திருக்கிறது. அதோடு அது தைம் தனியாக இல்லை, ஐவியும் சேர்ந்தது. சரி, இவ்வளவுக்குத்தான் சான்று, இவ்வளவும் நல்ல சான்றுதான். நாட்டு மருந்து எல்லாம் பொய் என்பவருக்கும், எல்லாம் தீரும் என்பவருக்கும் நான் காட்டுவது இதைத்தான்.

மாமியின் இருமல்

இனி மாமி. வீட்டில் எல்லாரும் காரணத்தை முடிவுகட்டி வைத்திருந்தார்கள், அறுவடைத் தூசி. காலபோக நெல் வெட்டுகிற தை மாதத்தில் மெசின் ஓட ஓடச் சுணை பறக்கும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதி ஓரமெல்லாம் நெல் காயும், பெண்கள் கால்களால் துழாவிக் கொண்டிருப்பார்கள். மாமியும் நின்றவர்தான். விறகடுப்புப் புகை வேறு. எல்லாம் பொருந்தி வருகிற விளக்கம்.

ஆனால் இருமலைக் கேட்டால் பொருந்தவில்லை. சளியே இல்லை. தொண்டையில் மயிர் நிற்பது போன்ற கிச்சுகிச்சு, பிறகு வறட்டு இருமல், பேசத் தொடங்கினால் கூடும், படுத்தால் கூடும். அறுவடை முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் அப்படியே. தொடங்கியது எப்போது என்று மூன்று விதமாகக் கேட்டேன். முதலில் தை என்றார். பிறகு மருமகள் இடையிட்டு, "இல்லை மாமி, திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போகேக்கயே இருமினீங்கள்" என்றார். திருவெம்பாவை மார்கழியில். மெசின் வயலில் இறங்கும் முன்னரே இருமல் இருந்திருக்கிறது.

கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். கார்த்திகையில் பிரஷர் கண்டிருக்கிறது. எனலாப்ரில் என்ற பிரஷர் குளிசை தொடங்கியிருக்கிறார்கள்.

எனலாப்ரில் நல்ல மருந்து. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் உலகமெங்கும் கொடுக்கிறார்கள். அது தடுக்கிற நொதியம்தான் பிராடிகைனின் என்ற பொருளையும் உடைக்கிறது. நொதியம் தடைப்பட்டால் பிராடிகைனின் மூச்சுவழியில் தங்கி, சிலருக்கு இருமலைத் தூண்டும். மருந்து தொடங்கிச் சில கிழமைகளிலோ மாதங்களிலோ வரும் வறட்டு இருமல், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூட. தைமும் ஆடாதோடையும் தேனும் இங்கே எதுவும் செய்யா, இளக்குவதற்குச் சளியே இல்லையே.

இருந்தாலும் சந்தேகத்தின் பேரில் முடிவுகட்ட முடியாது. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். சளிப் பரிசோதனையும் நெஞ்சுப் படமும் எடுக்கும்படியும், எனலாப்ரிலைக் கவனிக்கும்படியும் கடிதம் எழுதி கிளினிக்குக்கு அனுப்பினேன். குளிசையை அவராக நிறுத்தக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னேன், மருமகளிடம் மூன்றாம் தரமும் சொன்னேன். பிரஷர் மருந்தை நாட்டு வைத்தியர் நிறுத்தச் சொன்னார் என்று நிறுத்திவிட்டுப் பாரிசவாதத்தில் விழுந்தவர்களை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. கிளினிக் டொக்டர் எனலாப்ரிலை மாற்றி லோசார்ட்டன் என்ற வேறு வகைப் பிரஷர் மருந்து கொடுத்தார். இருமல் உடனே நிற்கவில்லை, அது மாமிக்குக் கவலையாக இருந்தது. மருந்தை மாற்றிய பிறகும் ஒரு மாதம்வரை, சிலருக்கு அதற்கு மேலும் இருக்கலாம் என்று விளங்கப்படுத்தினேன். மூன்றாம் கிழமை இரவு இருமல் நின்றது. சித்திரை வருடப் பிறப்புக்கு வந்தபோது பேச்சுக்கு நடுவில்கூட இருமவில்லை. கசாயத்தை விட்டதும் நெஞ்செரிவும் போய்விட்டது.

வைத்தியம் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். நாடி பார்க்கிறோம், நாக்குப் பார்க்கிறோம், நீர் பார்க்கிறோம். கிளினிக் கொப்பியையும் பார்க்க வேண்டும். வன்னியில் ஐம்பது தாண்டிய ஆள் ஒருவர் சித்த வைத்தியரிடம் வருகிறார் என்றால், பையில் பிரஷருக்கோ சீனிக்கோ குளிசை இருக்கும் என்று எண்ணிக்கொண்டே தொடங்க வேண்டும். கேட்காவிட்டால் பலர் சொல்ல மாட்டார்கள், இரண்டு வைத்தியமும் எடுக்கிறோம் என்று தெரிந்தால் பேச்சு விழும் என்ற பயம். அந்தப் பயத்தை எடுத்துவிடுவது நம் வேலை.

கிணற்றடியில் நின்றது

இலைப் பொதி முடிந்துவிட்டது, மகளிடம் இன்னும் கேட்கட்டா என்று மருமகள் கேட்டார். விதை எடுப்பித்து நட்டால் என்ன என்றும் யோசித்திருக்கிறார். தைம் வறண்ட கோடையையும் தண்ணீர் வடிகிற கல்நிலத்தையும் விரும்பும். வன்னியின் கோடையைத் தாங்கலாம், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை நிற்கும் மழையில் வேர் அழுகிப் போகும். சட்டியில் வைத்து, மழைக்குத் தாழ்வாரத்துக்குள் எடுத்து, மணலும் சுண்ணாம்புக் கல்லும் கலந்து வளர்க்கலாம். ஆனால் ஏன் இந்தப் பாடு? அவர்கள் வீட்டுக் கிணற்றடியிலேயே கற்பூரவள்ளி பற்றைபோல் நின்றது. ஒரு கிளையை ஒடித்து ஊன்றினால் வருகிற செடி. கார்வக்ரோலும் தைமோலும் உள்ள இலை, சமையலறையில் இருக்கும் ஓமமும் அப்படித்தான்.

அதன் முறை தைமிலிருந்து வேறு. இலை தடிப்பு, சாறு நிறைந்தது, மேலே மெல்லிய மயிர். நான்கைந்து இலையைக் கழுவி, சூடான தாச்சியில் வாடும்வரை மட்டும் புரட்ட வேண்டும். பச்சை மங்கி இலை துவண்டதும் எடுத்துவிடலாம், கருகினால் மணம் போச்சு. சுத்தமான துணியில் வைத்துப் பிழிந்தால் இரண்டு தேக்கரண்டிச் சாறு வரும். பெரியவர்களுக்கு அதில் தேன் கலந்து காலையும் மாலையும், சளி இருமலுக்கு, ஐந்தாறு நாள். ரசத்தில் கடைசியாக நறுக்கிப் போட்டு உடனே இறக்கினாலும் நல்லது. ஓமம் என்றால் ஒரு தேக்கரண்டியை மணம் வரும்வரை வறுத்து, நொருக்கி, கொதிநீரூற்றி மூடி வைப்பது, அதே பத்து நிமிடம். வயிற்றுப் பொருமலுக்கு இதைவிடக் கைவசமான மருந்து எனக்குத் தெரியாது.

பேரனுக்கு இவை எதையும் மருந்தாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இழுப்பு ஒரு நிலைக்கு வரும்வரை ஆஸ்பத்திரி டொக்டர் சொன்ன இன்ஹேலரும் அதை முகத்தில் வைத்துக் கொடுக்கும் ஸ்பேசரும்தான் அவனுடைய வைத்தியம். ரசத்தில் போட்ட இலையை அவன் சாப்பிட்டால் பிரச்சினை இல்லை. கோழியடைத் தூசி, கொசுவர்த்திப் புகை இரண்டையும் அவன் படுக்கும் அறையிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள். எண்ணெய்ப் போத்தலை மருமகள் அலுமாரியின் மேல்தட்டில் பூட்டி வைத்திருந்தார். வைத்திருக்கவே தேவையில்லை, அது தோலில் நேராகப் பட்டாலும் எரிக்கும் என்றேன். மருமகளின் தங்கைக்கு ஏழு மாதக் குழந்தை இருக்கிறது, இந்தத் தேன் சாறு அதற்கும் தரலாமா என்று அடுத்த கேள்வி வந்தது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் அந்தக் குடலில் முளைத்து நஞ்சு கக்கும். அந்த வயதில் இருமல் வந்தால் தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்து, மூச்சின் வேகத்தைக் கவனித்து, வேகம் கூடினாலோ பால் குடிக்க மறுத்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னேன்.